வெள்ளம் வடிந்த வயலில் மறுபடி விதைக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஐந்து ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறேன், மானாவாரி. மேட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் ஒக்டோபர் 28ஆம் திகதி விதைத்தேன், பிஜி 94-1. பள்ளப் பக்கம் இரண்டு ஏக்கர் நவம்பர் 18ஆம் திகதி, அதே நெல்தான். 27ஆம் திகதி வெள்ளம் ஏறியது. மேட்டில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. அதில் மூன்று நாள் பயிரை முழுதாக மூடிவிட்டது. பள்ளம் எட்டு நாள் மூடிக் கிடந்து டிசம்பர் 5ஆம் திகதிதான் வடிந்தது. இப்போது எல்லாம் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்து வயல்காரர்கள் யூரியா எறிகிறார்கள். வீட்டில் ஐந்து புசல் விதைநெல் மிச்சம் உண்டு. மனைவியின் சங்கிலியை ஈடு வைத்து ஐந்து ஏக்கரையும் திருப்பி உழுது விதைக்கலாம் என்று நினைக்கிறேன். லண்டனில் இருக்கும் அண்ணன், 'லிவ் டு ஃபைட் அனதர் டே' (உயிரோடிருந்தால் இன்னொரு நாள் சண்டை பிடிக்கலாம்) என்று சொல்லி, இந்தப் போகத்தை விட்டுவிடு என்கிறார். யார் சொல்வது சரி?
வாசகர், பட்டிப்பளைப் பக்கம். டிசம்பர் 8.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதியிருக்கும் திகதிகளைப் பார்த்தால், மேட்டு மூன்று ஏக்கரில் பெரும்பகுதி உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளம் வந்தபோது அந்தப் பயிருக்கு முப்பது நாள் வயது. மூன்று நாள் முழுதாக மூடியதை அந்த வயதுப் பயிர் பெரும்பாலும் தாங்கும். பள்ளத்துப் பயிருக்கு அப்போது ஒன்பது நாள்தான். எட்டு நாள் கலங்கல் தண்ணீருக்குக் கீழே கிடந்த அந்த இளம் முளை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்களிடம் இருப்பது ஐந்து ஏக்கர் வயலல்ல, இரண்டு வெவ்வேறு வயல்கள். இரண்டுக்கும் ஒரே முடிவை எடுத்தால் இரண்டும் கெடும்.

அண்ணன் சொன்ன வாசகம் கிரேக்கத்திலிருந்து வந்த பழைய வழக்கு. கி.மு. 338இல் கைரோனியாப் போர்க்களத்திலிருந்து ஓடி வந்த டெமொஸ்தனிஸ் என்ற பேச்சாளரை ஊரார் ஏசியபோது, ஓடினவன் திரும்பவும் சண்டை பிடிப்பான் என்று அவர் சொன்னதாகக் கதை. அதில் இரண்டு பாதி இருக்கிறது: விலகுவது ஒன்று, திரும்பி வருவது மற்றது. அண்ணன் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார், நீங்கள் பிற்பாதியை மட்டும். எந்த ஏக்கரை விட்டு விலகுவது, எதில் நிற்பது, திரும்பி வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதை வயலில் எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வயலில் இறங்குமுன் ஒரு வேலை உண்டு. வெள்ளம் வடிந்த வயற் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சிறு வெட்டோ சேற்றுப்புண்ணோ இருந்தால் அதன் வழியே உள்ளே போய்விடும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலி வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்கிறேன் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

அடுத்தது கமநல சேவை நிலையம், விவசாயிகளுக்கான அரச அலுவலகம். உழவு மெசின் வயலுக்குள் இறங்குமுன் சேதத்தை அங்கே எழுத்தில் அறிவியுங்கள். உழுது போட்ட வயலில் எவ்வளவு அழிந்தது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. இழப்பீடு கைதவறிப் போவது அதிகமும் இந்த இடத்தில்தான். வரம்பில் நின்று நாலு பக்கமும் படம் எடுங்கள். திகதி தெரியட்டும், பக்கத்து மரமோ வாய்க்கால் கட்டோ அடையாளமாகப் படத்தில் விழட்டும். நீங்கள் குத்தகைக்காரர் என்பதால், வயற்காணி இடாப்பில் (வயல்களின் பதிவேட்டில்) இந்தப் போகத்துக்கு யாருடைய பெயர் இருக்கிறது என்று அன்றே கேளுங்கள். காணிக்காரரின் பெயர் மட்டும் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்வையிட வருவது பிந்தினால், பள்ளத்தில் ஒரு வரவையை (வரம்பு கட்டிய ஒரு பாத்தியை) உழாமல் அப்படியே விட்டுவைத்து மற்றதில் வேலையைத் தொடங்கலாம்.

இனி மேட்டு வயல். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அங்கே தண்ணீர் வடிந்து ஒரு கிழமை கடந்திருக்கும். எண்ணிப் பார்ப்பதற்கு அதுதான் சரியான நேரம். வடிந்த மறுநாள் பார்த்தவர்களுக்கு எல்லாம் செத்ததாகவே தெரியும். அந்தப் பயத்தில் உழுதுவிட்டு, பிழைக்க இருந்த பயிரை மண்ணுக்குள் போட்டவர்கள் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் உண்டு.

இலையின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய இலை எல்லாம் கருகினாலும் பயிர் பிழைக்கும். பார்க்க வேண்டியது அடித்தண்டு. மண்ணுக்குச் சற்று மேலே விரலால் அழுத்துங்கள்: இறுக்கமாக, உள்ளே வெண்மையாக இருந்தால் உயிர் உண்டு. வழுவழுத்து, நாறி, இழுத்தவுடன் குருத்து தனியே கழன்று வந்தால் அது செத்தது. சந்தேகமாக இருந்தால் ஒன்றிரண்டைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கறுத்த பழைய வேர்களுக்கு நடுவே வெள்ளையாக நுனி விட்டிருந்தால் போதும்.

நாலு தடியைக் கட்டி உள்பக்கம் ஓர் அடிக்கு ஓர் அடி வரும்படி ஒரு சட்டம் செய்யுங்கள். ஏக்கருக்கு இருபது இடத்தில், வயலைக் கோணல்மாணலாக நடந்து, பார்க்காமல் எறியுங்கள். நல்ல இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு பொய்யாகும். சட்டத்துக்குள் உயிருள்ள பயிரை மட்டும் எண்ணி எழுதுங்கள். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது 40 கிலோ அளவில் விதைத்திருந்தால் ஒரு சதுர அடியில் முப்பதுக்கு மேல் நெல்மணி விழுந்திருக்கும். அவ்வளவும் பயிராக நிற்கத் தேவையே இல்லை. சராசரி எட்டுக்கு மேல் வந்தால் அந்த வயலைத் தொட வேண்டாம், மட்டம் வெடித்து, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்து, நிரம்பிவிடும். நாலுக்கும் எட்டுக்கும் இடையில் என்றால் வைத்துக்கொண்டு வெறுமையை நிரப்புங்கள். நாலுக்குக் கீழே போனால்தான் மறுவிதைப்பைப் பற்றி யோசிக்கலாம். மூன்று ஏக்கருக்கும் ஒரே சராசரி எடுக்காமல் ஒவ்வொரு வரவைக்கும் தனியாக எடுங்கள், ஏனென்றால் மேட்டிலும் மூலைக்கு மூலை பள்ளம் இருக்கும்.

வெறுமையை நிரப்ப, அதே வயலில் நெருக்கமாக நிற்கும் இடத்துப் பயிரைக் கலைத்து மண்ணோடு எடுத்து நடுங்கள். நிற்கும் பயிருக்குள் புது விதை எறிவது பெரிய பிழை. புதுப்பயிர் ஐந்தாறு கிழமை பிந்தி வரும். அறுவடை மெசின் இறங்கும்போது ஒரு பாதி முற்றி உதிரும், மறுபாதி பச்சையாக நிற்கும். பச்சை நெல் கலந்த மூடைக்கு ஈரம் என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். அரைக்கும்போது உடைந்த அரிசியும் கூடும்.

தண்ணீரை ஒரேயடியாக வடித்து வயலைக் காயவிடாதீர்கள். தண்ணீருக்குள் கிடந்து மெலிந்த இலை திடீரென வெயிலைக் கண்டால் சுருண்டு போகும், வேரும் ஈடுகொடுக்காது. வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகும் வாயை) அளவாக வெட்டி ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் நிற்க விடுங்கள். வெள்ளம் கொண்டுவந்து போட்ட மிதக்கும் களைகளான ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் உடனே அள்ளி வரம்புக்கு வெளியே போடுங்கள். அவை மூடிக் கிடக்கும் இடத்தில், பிழைத்த பயிரும் வெளிச்சம் இல்லாமல் சாகும்.

பக்கத்து வயல்காரர் யூரியா எறிவதைப் பார்த்து அந்தரப்பட வேண்டாம். வடிந்த கையோடு எறியும் யூரியாவை அழுகிய வேர் எடுக்காது. தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகும். எடுத்த கொஞ்சமும் மெல்லிய பச்சை இலையாக வரும். அதில் எரிபந்தம் என்ற பூஞ்சண நோய் விழும். வெள்ளத்தில் கிழிந்த இலைக் காயங்கள் வழியே பக்றீரியா இலை வெளிறலும் ஏறும். புதுக் குருத்து ஒன்று முழு இலையாக விரிவதைக் கண்ட பிறகு ஏக்கருக்கு 15 கிலோ யூரியாவும் 10 கிலோ எம்.ஓ.பி.யும் (பொட்டாசியப் பசளை) போடுங்கள். வெள்ளத்தோடு போன பசளைக்கு ஈடாக என்று இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

அடுத்த மேற்கட்டுப் பசளைக்கு விதைத்த திகதியை எண்ணாதீர்கள். தண்ணீருக்குள் கிடந்த நாளிலும் அதற்குப் பிறகு தேறிய நாளிலும் பயிர் வளரவில்லை. ஆகவே ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ பிந்தியிருக்கும். பத்துப் பயிரின் தாய்மட்டத்தை (நடுவிலுள்ள முதல் தண்டை) பிடுங்கி அடியில் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். குருத்தின் அடியில் வெண்பஞ்சு போல ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவில் கதிர்க்கரு தெரிந்தால் அதுதான் நேரம். அப்போது ஏக்கருக்கு 25 கிலோ யூரியா, 10 கிலோ எம்.ஓ.பி.

பள்ளத்து இரண்டு ஏக்கரைக் கணக்குப் பார்க்காமல் தொடாதீர்கள். அங்கேயும் சட்டத்தை எறிந்து பாருங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மறுவிதைப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. செத்த பயிரையும் புல்லையும் ஒரு ரொட்டவேட்டர் ஓட்டில் மடித்து, ஒரு கிழமையாவது அழுக விட வேண்டும். அழுகும் சேற்றிலிருந்து வரும் அமிலமும் வாயுவும் முளையின் வேரைக் கருக்கிவிடும். 'விதை நல்ல விதை, ஆனால் முளைக்கவில்லை' என்று சொல்லப்படும் மறுவிதைப்புகளில் பல இப்படிப் போனவை. அந்தக் கிழமையில் மடித்த வயலில் களைநெல்லும் நெற்சப்பிப் புல்லும் முளைத்துக் கிளம்பும். மட்டப்படுத்தும்போது அவற்றையும் சேர்த்து அழிக்கலாம், இது ஒரு நன்மை. ஆகவே மிக விரைவாக என்றாலும் விதைப்பு டிசம்பர் 20ஆம் திகதிதான்.

அன்றிலிருந்து எண்ணுங்கள். மூன்றரை மாத நெல் ஏப்ரல் 4ஆம் திகதி அளவில் அறுவடைக்கு வரும், பூப்பது மார்ச் 5. மூன்று மாத நெல் மார்ச் 20, பூப்பது பெப்ரவரி 18. இரண்டரை மாத நெல் மார்ச் 10, பூப்பது பெப்ரவரி 8. பூக்குமுன் இரண்டு கிழமையும் பூத்த பின் இரண்டு கிழமையும் மண் காயக்கூடாது. நம் பக்கம் பெப்ரவரி நடுவுக்குப் பிறகு மழையை நம்ப முடியாது. 'பருவத்தே பயிர் செய்' என்று ஒளவையார் சொன்னதை, மறுவிதைப்பில், மிச்சமிருக்கும் பருவத்துக்கு ஏற்ற நெல்லைத் தேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மானாவாரிப் பள்ளத்துக்கு அது பிஜி 250 போன்ற எண்பது நாள் நெல். நவகிரிக் குளத்தின் கீழோ உன்னிச்சைக் குளத்தின் கீழோ வாய்க்கால் தண்ணீர் உறுதியாகக் கிடைப்பவர்கள் மூன்று மாத நெல் வரைக்கும் போகலாம்.

அப்படியானால் வீட்டிலிருக்கும் ஐந்து புசல் பிஜி 94-1, மூன்றரை மாத நெல் என்பதால், பள்ளத்துக்கு உதவாது. அது கையில் இருக்கிறதே என்பதற்காக விதைத்தால், ஏப்ரலில் பதரைத்தான் அறுப்பீர்கள். அந்த ஐந்து புசலும் அடுத்த போகத்துக்கான முதல், அதைக் காப்பாற்றுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா, மூடை நனைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வெயில் காயவைத்து, பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும் பதம் வந்ததும் பலகை போட்டு நிலத்தில் படாமல் அடுக்குங்கள். பிறகு நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் ஐந்து நாள் வைத்துப் பாருங்கள். வேரும் முளையும் இரண்டும் விட்டவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். 85க்கு மேல் என்றால் விதை. 70க்குக் கீழே என்றால் குத்தி அரிசியாக்குங்கள். புதிதாக வாங்கும் பிஜி 250ஐயும் இதே சோதனைக்குப் போடாமல் விதைக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு சாப்பாட்டு நெல்லும் விதைநெல் என்ற பெயரில் விற்பனைக்கு வரும்.

எண்பது நாள் நெல்லுக்கு மட்டம் வெடிக்க நேரம் குறைவு. அதனால் ஏக்கருக்கு இரண்டரைப் புசல் வரை விதைக்கலாம். அடிக்கட்டுக்கு ரி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) ஏக்கருக்கு 20 கிலோ. முதல் யூரியா 20 கிலோ, பத்துப் பன்னிரண்டு நாளில். வழக்கம்போல மூன்று கிழமை பார்த்துக்கொண்டிருந்தால் பயிரின் வயதில் கால்வாசி போய்விடும்.

விதையை 24 மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி ஒன்று ஒன்றரை நாள் முளைகட்டுங்கள். சாக்கை அரைவாசிதான் நிரப்ப வேண்டும், உள்ளே சூடேறினால் நடு விதை வெந்துவிடும். முளை இரண்டு மூன்று மில்லிமீற்றர் வந்தால் விதைக்கலாம். நீளவிட்டால் எறியும்போது ஒடியும். பத்து அடிக்கு ஒரு சிறு வாய்க்கால் இழுத்து வெளி வாய்க்காலில் சேருங்கள். முளைவிதைக்கு மேல் தண்ணீர் தேங்கினால் சில நாட்களிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். முதல் ஒரு கிழமை வயல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது. வானிலை அறிக்கை அடுத்த மூன்று நாளில் கனமழை என்றால் விதைப்பைத் தள்ளுங்கள். முளைகட்டிய விதையை நிழலில் மெல்லிதாகப் பரப்பி ஒரு நாள் வரை தாக்காட்டலாம், அதற்கு மேல் முடியாது. ஒருமுறை வெள்ளம் வந்தாயிற்று, இனி வராது என்றும் எண்ண வேண்டாம்: 2011இல் ஜனவரியில் ஒன்றும் பெப்ரவரித் தொடக்கத்தில் இன்னொன்றுமாக மட்டக்களப்பும் அம்பாறையும் இரண்டு தரம் மூழ்கின. வாவித் தண்ணீர் இன்னும் உயர்ந்து நின்றால் உங்கள் வாய்க்கால் வடியாது. வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வெட்டி நீர்மட்டம் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விதையை ஊறப்போட வேண்டும்.

ஆகப் பள்ளமான அரை ஏக்கருக்கு என் யோசனை நாற்று. வயல் அழுகும் அந்தக் கிழமையிலேயே வீட்டு முற்றத்து மேட்டில் பொலித்தீன் விரித்து, மண்ணும் கூட்டெருவும் கலந்து ஓர் அங்குலம் பரப்பி, இருபது சதுர மீற்றரில் பத்துக் கிலோ முளைவிதையைத் தூவுங்கள். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். பன்னிரண்டு பதினைந்து நாளில் பாய் போலச் சுருட்டிக்கொண்டு போய் நடலாம். நடுகூலி வரும், அதனால்தான் அரை ஏக்கர் என்கிறேன். ஆனால் அரைச் சாண் உயர நாற்று தாங்கும் தண்ணீரை முளைவிதை தாங்காது.

டிசம்பர் 25க்குள் விதைக்க முடியாமற்போனால் இந்தப் போகத்தில் பள்ளத்தில் நெல்லை மறந்துவிடுங்கள். அண்ணன் சொன்ன விலகல் அந்த இடத்துக்குத்தான் பொருந்தும். பெப்ரவரித் தொடக்கத்தில் தண்ணீர் வடிந்து, மண் உருட்டினால் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் பயறு போடலாம். ஏக்கருக்குப் 12 கிலோ விதை, அறுபது அறுபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும், மண்ணிலுள்ள ஈரமே பெரும்பகுதிக்குப் போதும். தண்ணீர் நின்றால் பயறு ஒரே நாளில் வாடிவிடும், ஆகவே வடிகால் இல்லாத மூலையை விட்டுவிடுங்கள்.

காசுக் கணக்கை ரூபாயில் பார்க்காமல் புசலில் பாருங்கள். உழவு, விதை, பசளை, களைநாசினி, அறுவடை மெசின், இனிக் கொடுக்க வேண்டிய குத்தகை என எல்லாவற்றையும் கூட்டி, உங்கள் ஊரில் ஒரு புசல் நெல் விற்கும் விலையால் பிரியுங்கள். பிந்திய எண்பது நாள் வெள்ளாமைக்கு ஏக்கருக்கு 35, 40 புசலுக்கு மேல் கணக்கில் வைக்க வேண்டாம். ஏக்கருக்கு ஆகும் செலவு 30 புசலைத் தாண்டினால் விதைக்காதீர்கள். ஏற்கெனவே செலவழித்ததை இதில் சேர்க்கக் கூடாது. அது நீங்கள் விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் போன காசு. 'போட்டதை எடுக்க வேண்டும்' என்ற நினைப்புத்தான் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறது. குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் காணிக்காரரிடம் இப்போதே பேசுங்கள், அறுவடைக்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

இன்னொன்று. தனியாளாகப் பிந்தி விதைக்காதீர்கள். ஊரெல்லாம் பெப்ரவரிக் கடைசியில் அறுத்துவிட்டால், அங்கிருந்து கிளம்பும் நெல் மூட்டுப்பூச்சியும் எலியும் குருவியும் பால்பிடிக்கும் உங்கள் இரண்டு ஏக்கருக்கே வரும். மாடுகளை வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) விடும் திகதியும் போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்தபடி வந்துவிடும். மார்ச் 10 வரை நிற்கும் உங்கள் பயிருக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். இந்தக் கிழமையே வட்டையின் பொதுவேலைகளைப் பார்க்கும் வட்டவிதானையைக் கண்டு, பள்ளத்தில் அழிந்தவர்கள் எல்லாரும் ஒரு கிழமைக்குள் ஒரே வயது நெல்லை விதைப்பதற்கும், மாடு விடும் திகதியைத் தள்ளுவதற்கும் ஒரு கூட்டம் வைக்கக் கேளுங்கள். ஐந்தாறு பேராவது சேராவிட்டால், மழையும் விதையும் சரியாக அமைந்தாலும், பள்ளத்தில் பயறே மேல்.

மேட்டு வயலின் எண்ணிக்கையை வரவை வாரியாக எழுதி அனுப்புங்கள். பள்ளத்து மண் எப்படிப்பட்டது, களியா மணல் கலந்ததா என்பதையும் எழுதுங்கள். வாவி ஓரமாக இருந்தால் தண்ணீரில் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்து அதையும் சேர்த்து எழுதினால், பயறா கௌபியா என்பதை அடுத்த இதழில் சொல்கிறேன்.